போச்சு சாரும் பதினோரு ஊமைகளும்

நம்பிக்கை இழப்பதில் ஆரல்வாய்மொழிக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையில் போச்சு சாரை மிஞ்ச இன்றுவரை ஒருவர் பிறக்கவில்லை. மற்றவர்கள் காரியம் கெட்ட பிறகு தலையில் கை வைப்பார்கள். அவர் காரியம் தொடங்குவதற்கு முன்பே வைத்துவிடுவார். தப்பித்தவறி அது நன்றாக நடந்துவிட்டால், வைத்த கையை எப்போது எடுப்பது என்று தெரியாமல் திண்டாடுவார்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் பையன்களின் பாட்டுக்குழுவுக்கு அவர் வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நான் அந்தக் குழுவில் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுப் பூசையில், கோவிலின் மேல்மாடத்தில் நின்று இலத்தீனில் பாடுவோம். எங்களுக்கு இலத்தீன் தெரியாது. கீழே முழங்காலில் நின்ற ஜனங்களுக்கும் தெரியாது. இந்த ஒற்றுமையால்தான் எங்கள் குழு பல வருஷம் மானத்தோடு பிழைத்தது.

அவர் என்னைப் பிடித்தது கடியப்பட்டணம் கடற்கரையில். எனக்குப் பத்து வயது. அப்பனுடைய கட்டுமரம் கரையேறும் நேரத்தில், அலை எந்தப் பக்கம் அடங்கியிருக்கிறது என்று கரையிலிருந்து கூவிச் சொல்வது என் வேலை. காற்றையும் அலையையும் தாண்டிக் குரல் போக வேண்டும். எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்த சார் அந்தக் கூவலைக் கேட்டார். கேட்டதும் மணலில் அப்படியே உட்கார்ந்து தலையில் கை வைத்து, “போச்சு” என்றார். வெயில் தாக்கிவிட்டது என்று பயந்து என் அம்மை ஓடிப்போய்க் கருப்பட்டித் தண்ணீர் கொண்டுவந்தாள்.

வெயிலும் இல்லை, ஒன்றும் இல்லை. இவ்வளவு நல்ல சத்தம் மூன்று வருஷம், மிஞ்சினால் நாலு வருஷம்தான் நிற்கும் என்ற துக்கம். கண்டெடுத்த அந்த நிமிஷத்திலேயே அதைத் தொலைத்து அழ அவரால்தான் முடியும்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். போர்டிங்கில் பாட்டுக்குழுப் பையன்களுக்கு என்று பதினைந்து இடம் உண்டு. சோறு, புத்தகம், படுக்க ஒரு பாய், எல்லாம் இலவசம். ஆனால் தொண்டை இருக்கும்வரைதான் இடம். மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் அந்த மாதமே பாயைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். அப்பனுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

“சத்தம் போனா போட்டும் சாரே. கை போகாதுல்லா? திரும்பி வந்து வலை பிடிக்கட்டு.”

அம்மைக்கு வேறு கணக்கு. எங்கள் தெருவுக்கு ஒரு கடுதாசி வந்தால் அதைப் படிக்க ஆள் தேடி, கோவில் வேலை பார்க்கும் கோவில்பிள்ளை வீட்டு வாசலில் அரைநாள் நிற்க வேண்டும். தன் வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவன் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மறுநாள் நான் சாரோடு போனேன்.

பயிற்சி தினமும் சாயங்காலம். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் ஒரு முறை “போச்சு” சொல்லிவிடுவார். அது எங்களுக்குச் சுருதி. கடற்கரைப் பையன்கள் கத்துகிறார்கள், வயற்காட்டுப் பையன்கள் மூக்கால் பாடுகிறார்கள், இரண்டும் சேர்ந்தால் சந்தை என்பார். மோர் ஆகாது, மாங்காய் ஆகாது, பந்து விளையாடும்போது கூச்சல் ஆகாது, வாய்விட்டுச் சிரித்தால் ரொம்ப ஆகாது. காலையில் சுக்கும் மிளகும் இடித்துத் தேனில் குழைத்துப் பதினைந்து நாக்கிலும் தடவுவார். கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தித் தொண்டைக்குள் எட்டிப் பார்ப்பார். எதைக் கண்டாலும் அவர் முகம் ஒரே மாதிரிதான் விழும்.

சனிக்கிழமை உயரம் பார்க்கும் நாள். கதவு நிலையில் ஒவ்வொருவனையும் நிறுத்தித் தலைக்கு நேராகக் கரிக்கோடு போடுவார். பிள்ளை வளர்ந்தால் பெற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள். இவர் கோடு ஒரு விரல் ஏறியிருந்தால் அன்று இராச்சோறு சாப்பிட மாட்டார். வளர்ந்தால் தொண்டை உடையும், உடைந்தால் ஊருக்குப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் உண்மையாகவே கெஞ்சினார்.

“வளராதலே மக்கா. ஒனக்கு என்ன அவசரம்? கொஞ்சம் பைய வளந்தா போராதா?”

நான் முயற்சி செய்தேன். இரண்டு வாரம் பாதிச் சோறு சாப்பிட்டேன். அப்படியும் கோடு ஏறியது.

எங்களில் மூத்தவன் இனயத்துக்காரன் வியாகுலம், இரண்டு தடவை பரீட்சையில் தவறி என் வகுப்பிலேயே இருந்தான். அவனுக்கு மேலுதட்டில் மீசை நிழல் தட்டியதும் சார் மஞ்சள் அரைத்துப் பூசச் சொன்னார். பெண்கள் முகத்தில் முடி வராமலிருக்க மஞ்சள் பூசுவதைப் பார்த்திருக்கிறார். முகத்தில் முடி வராவிட்டால் தொண்டைக்கும் வயது தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு மாதம் வியாகுலம் மஞ்சள் உதட்டோடு திரிந்தான். அடுத்தடுத்து இன்னும் மூன்று பேர் உதட்டிலும் நிழல் விழுந்தது, அவர்களுக்கும் பூச்சு. பள்ளிக்கூடத்து மேனேஜர் சாமியார் இது என்ன என்று கேட்டபோது கட்டெறும்பு கடித்ததற்கு மருந்து என்றார் சார். நாலு பேருக்கும் ஒரே இடத்திலா கடித்தது என்று சாமியார் திருப்பிக் கேட்டார். அது அந்த மாதிரி எறும்பு என்றார் சார்.

வியாகுலத்தின் தொண்டை மஞ்சளுக்கு மசியவில்லை. உடைந்தது. அவன் ஊருக்குப் போய்விடுவான் என்று நாங்கள் காத்திருந்தோம். போகவில்லை. வழக்கம்போல ஞாயிறு பூசைக்கு வந்து எங்களோடு நின்றான். அதே வாரம் சார் மேல்மாடத்தில் தான் உட்கார்ந்து வாசிக்கும் ஆர்மோனியத்தைச் சுற்றித் திரை கட்டினார். உப்புக்காற்று பட்டால் ரீடு துருப்பிடிக்கும் என்று காரணம் சொன்னார். வியாகுலத்துக்குப் பிறகு இன்னும் நாலைந்து பேர் சந்தேகத்துக்குரிய இருமலோடு நடமாடினார்கள். அவர்களும் போகவில்லை. குழுவின் பாட்டு மட்டும் முன்னைவிட நன்றாக இருப்பதாக ஊரில் பேச்சு. சின்னவர்களான எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வியாகுலத்திடம் கேட்டால் வாயைப் பொத்திக்கொள்வான்.

என் முறை வந்தபோதுதான் விளங்கியது. பயிற்சியின் நடுவே என் குரல் இரண்டாகப் பிளந்து ஒன்று ஆட்டுக்குட்டியாக மேலே போனது, மற்றது காளையாகக் கீழே விழுந்தது. சார் வாசிப்பை நிறுத்தினார். மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை இன்னொரு முறை பாடச் சொன்னார். பாடினேன். போச்சு என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எந்த வகுப்பில் இருக்கிறாய் என்று கேட்டார். ஆறாம் வகுப்பு என்றேன். ஏழாம் வகுப்பு தேறினால் அந்தக் காலத்தில் ஒரு கடையில் கணக்கெழுதலாம், கீழ்வகுப்புக்கு வாத்தியாராகவும் ஆகலாம்.

“அப்பம் ஒண்ணரை வருஷம் நீ வாயைத் தொறக்கணும். தொறந்தா சத்தம் வரப்பிடாது. மனசிலாச்சா?”

மனசிலாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் பாடவேண்டிய இடம் வந்தது. வாயைத் திறந்தேன். போன வருஷத்து என் குரல் கோவில் முழுக்கப் பரவியது. ஒரு கணம் அது என் தொண்டையிலிருந்து வருவதாகவே நம்பிவிட்டேன். பிறகு திரையின் ஓரமாகப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது, பெரிய மீசை, கழுத்தெல்லாம் வேர்வை. கண்ணை மூடிக்கொண்டு பத்து வயதுப் பிள்ளையாகப் பாடிக்கொண்டிருந்தார் போச்சு சார்.

கள்ளக்குரல் என்று அதைச் சொல்வார்கள். ஆம்பிளை தன் குரலை ஒளித்துவைத்துவிட்டு மேலே எடுக்கும் குரல். நாடகக்காரர்கள் செய்தால் சிரிப்பு வரும். இவர் செய்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. வியாகுலம் ஒருநாள் துணிந்து அவரிடம் கேட்டிருக்கிறான். தன்னையும் ஒரு போர்டிங்கில் பாட வைத்திருந்ததாகவும், பன்னிரண்டு வயதில் தொண்டை உடைந்ததும் அனுப்பிவிட்டதாகவும், அதன் பிறகு ஆறு வருஷம் மாடு மேய்த்ததாகவும் சொல்லியிருக்கிறார். மாடுகளோடு இருந்தபோது தனியே பாடிப் பாடி அந்தக் குரலைத் திரும்பப் பிடித்தாராம். ஆள் இருக்கும் இடத்தில் மட்டும் அது வராதாம்.

அடுத்த வருஷம் எங்கள் குழுவின் நிலவரம் இது: பாடுகிறவர்கள் நாலு பொடியன்கள், வாயைத் திறந்து நிற்கிறவர்கள் பதினோரு பேர், திரைக்குப் பின்னால் ஒருவர். பாடுகிறவர்களைவிடப் பாடாதவர்களுக்குத்தான் பயிற்சி கடுமை. எந்த எழுத்துக்கு உதடு குவிய வேண்டும், எங்கே மூச்செடுப்பதுபோல் நெஞ்சு ஏற வேண்டும் என்று தனித்தனியாக நிறுத்திச் சொல்லித் தருவார். சத்தமே இல்லாத பயிற்சியில் அவர் திடீரென்று தொடையில் அடித்துக்கொள்வார்.

“ஏலே, சும்மா நிக்கதுலயும் ஒனக்குத் தாளம் தப்புதே. நீ எங்க போய் உருப்பட?”

ஒருமுறை பூசையின் நடுவே வியாகுலத்தின் திறந்த வாய்க்குள் ஓர் ஈ போனது. பாடுகிறவன் என்றால் துப்பலாம். பாடாதவன் பாடுவதுபோல் நிற்கும்போது என்ன செய்ய முடியும்? விழுங்கினான். அன்று மத்தியானம் சார் தன் பங்கு மீன் துண்டை அவன் தட்டில் வைத்தார்.

இப்படியே என் ஏழாம் வகுப்புப் பரீட்சைக்கு நாலு மாதம் பாக்கி இருந்தபோது, சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. சாரின் துக்கத்துக்கு அளவில்லாமல் போயிற்று. ஆர்மோனியத்தின் துருத்தி கிழியும், பொடியன்களுக்குச் சளி பிடிக்கும், திரை அவிழ்ந்து விழும், இடி விழும் என்று பத்து நாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. துருத்தி கிழியவில்லை. திரை அசையவில்லை. தனிப்பாட்டு வந்தபோது நான் வாயைத் திறந்தேன். அன்றுபோல் அவர் என்றும் பாடியதில்லை. கீழே பீடத்தில் மேற்றிராணியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதைக் கண்டேன். எல்லாம் நன்றாக நடந்ததுதான் வினை.

பூசை முடிந்து மண்டபத்தில் உபசாரம். ஊர்ப் பெரியவர்கள், சுற்றுவட்டாரச் சாமியார்கள், நூறு பேருக்குமேல் இருந்தார்கள். தனியாகப் பாடிய பையனை ஆசீர்வதிக்க வேண்டும் என்று மேற்றிராணியார் கேட்டார். மேனேஜர் சாமியாருக்கு என் பாட்டு பழைய ஞாபகம். கடியப்பட்டணத்துப் பையன் என்று பெருமையோடு என்னை முன்னால் தள்ளினார். நான் முழங்காலிட்டு அவர் மோதிரத்தில் உதடு வைத்து முத்தி செய்தேன். உன் பெயர் என்ன என்றார். ஒரு வருஷத்துக்கு மேலான பழக்கம், வாயைத் திறந்தேன், சத்தம் வராமல் உதட்டை அசைத்தேன். வெட்கப்படுகிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். சாமியார் முதுகில் தட்டி, சத்தமாகச் சொல் என்றார்.

“சூசை மிக்கேல், ஆண்டவரே.”

கிணற்றுக்குள் அம்மி விழுந்த சத்தம். மேற்றிராணியார் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வியாகுலத்தின் பெயரைக் கேட்டார். அவன் குரல் என்னுடையதைவிட ஒரு படி கீழே. அடுத்தவன் இன்னும் கீழே. நாலாவது பையன் வாயைத் திறந்தபோது மேற்றிராணியாருக்கு அடக்க முடியவில்லை. மார்பில் சிலுவை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மண்டபமே சிரித்தது. மேனேஜர் சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. எங்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் பாடியது யார் என்று மேற்றிராணியார் கேட்டார். பின்வரிசையிலிருந்து சார் வந்தார்.

“நாந்தான் ஆண்டவரே. பிள்ளையளுக்கு இதில ஒரு பங்கும் இல்ல.”

மேற்றிராணியார் நல்ல மனிதர். அவர் குத்தலாகக் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டார், கொஞ்சம் பாடிக் காட்டுங்கள் என்று. சார் நடுமண்டபத்தில் நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் தடவை வாயைத் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவை காற்று வந்தது. மூன்றாம் தடவை, அன்று என் குரல் உடைந்ததே, அதே மாதிரி உடைந்து பாதி மேலேயும் பாதி கீழேயுமாகப் போயிற்று. யாரோ மறுபடியும் சிரித்தார்கள். மேற்றிராணியார் கையை உயர்த்தி நிறுத்தினார். எழுந்து வந்து சாரின் தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுத்து ஆசீர்வதித்தார். அவர் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

அன்று சாயங்காலம் மேனேஜர் சாமியார் எங்களைத் தம் அறை முன்னால் வரிசையாக நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தோம். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்களைப் பார்க்கவே இல்லை. சாரிடம்தான் பேசினார், அதுவும் மெதுவாக.

“பதினோரு பேரைக் காப்பாத்தினீர், சரி. இந்த ரெண்டு வருஷத்தில எத்தனை தாய்மார் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு இந்த வாசல்ல வந்து நின்னாங்க, தெரியுமா? நல்லாப் பாடுற பிள்ளைகள். இடம் இல்லைன்னு நான் திருப்பி அனுப்பினேன். இவங்க நின்ன இடம் அவங்களுடையது. அதுகளை நீர் நினைச்சீரா?”

நடக்கக்கூடிய கெட்டதையெல்லாம் முன்கூட்டி நினைத்துவிடும் மனிதர். இந்த ஒன்றை அவர் நினைத்திருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த முகத்தை விவரிக்க நாற்பது வருஷமாக எழுதியும் எனக்கு வரவில்லை. நானும் அப்போதுதான் நினைத்தேன். எங்கள் தெருவிலேயே ஒருவன் இருந்திருப்பான், என் பாயில் படுக்க வேண்டியவன், நான் வாயைத் திறந்து நின்ற நேரத்தில் கரையில் நின்று கூவிக்கொண்டிருந்தவன்.

பரீட்சைவரை மட்டும் விடுங்கள் என்று சார் கேட்டார். சாமியார் முடியாது என்றார். அப்படியானால் பிள்ளைகளை நானே வீடு சேர்க்கிறேன் என்றார் சார். அதற்குச் சாமியார் தலையாட்டினார்.

மறுநாள் பதினோரு பேரும் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரையோரமாக மேற்கே நடந்தோம். முன்னால் சார். ஒவ்வோர் ஊரிலும் ஒருவன் இருவன் குறைந்தான். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் அவர் ஒரே வார்த்தையைச் சொன்னார். எங்கள் வீட்டிலும் சொன்னார்.

“குத்தம் எனக்கது. பையனைத் திட்டப்பிடாது.”

அப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எவ்வளவு பாக்கி என்று கேட்டார். நாலு மாதம் என்றார் சார். அப்பன் என் தோளிலிருந்த பாயை வாங்கி உள்ளே வைத்தார். பிறகு, “கஞ்சி குடிச்சிட்டுப் போங்க சாரே” என்றார். சார் உட்கார்ந்து குடித்தார். மிச்சம் வைக்காமல் குடித்து முடித்து, சட்டியைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, மிச்சப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

கடைசியாக இனயத்தில் வியாகுலத்தை விட்டார். பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. இனயம் கோவிலுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகையில் ஒரு பள்ளி உண்டு, வாத்தியார் இல்லாமல் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். அதில் போய் உட்கார்ந்துகொண்டார். போர்டிங்கில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு அரிச்சுவடி. பாட்டு கிடையாது. அவர் பாடுவார் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

நான் இரண்டு வருஷம் வலை பிடித்தேன். பிறகு குளச்சலில் கருவாடு ஏற்றுமதி செய்த ஒரு முதலாளி கடுதாசி எழுத ஆள் தேடினார். ஏழாம் வகுப்பு தேறாவிட்டாலும் என் கையெழுத்து அவருக்குப் பிடித்தது. முப்பதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. இரயிலேறுவதற்கு முன்பு சாரைப் பார்க்க இனயம் போனேன்.

கொட்டகைக்குள் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சாரின் மீசை வெளுத்திருந்தது. இதில் ஒன்றும் தேறாது, எல்லாம் கடலுக்குத்தான் போகும் என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொன்னார். பிள்ளைகள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வெளியே வந்து எங்கள் பதினோரு பேரையும் விசாரித்தார், மேல்மாடத்தில் நாங்கள் நின்ற வரிசையிலேயே. ஒருவன் கொழும்பில், இருவர் தேயிலைத் தோட்டத்தில், மற்றவர்கள் கடலில் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வியாகுலத்தின் இடம் வந்தபோது அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கு முந்தின ஆடியில் அவன் மரம் திரும்பவில்லை. இனயத்தில் அதை அவர்தான் முதலில் கேட்டிருப்பார்.

“நாலு மாசம் கிடைச்சிருந்தா அவன் கரையில இருந்திருப்பான்” என்றார். அவ்வளவுதான்.

பஸ் நிற்கும் சாலைவரை கூட வந்தார். மணலில் ஒரு மைல் நடை. கிளம்பும்போதே என் துணிப்பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். நான் இருபத்து மூன்று வயதுத் தடியன், அவர் மூச்சு வாங்க நடக்கிறார். பார்த்தவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள். ஆனாலும் சாலை வரும்வரை அந்தப் பையை அவரிடமிருந்து வாங்க எனக்கு மனம் வரவில்லை.